பாலத்தில் விட்டுப் போனவர்கள்

கயானியில் டிசம்பர்.
இரண்டரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது.
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
ஓர் ஓநாயின் பல்லை மழுக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஓநாய் அது.
வருகிறவர் கையில் மரவாள், காலில் செருப்பில்லை.
அதனால் அது நொண்டி நொண்டித்தான் துரத்தும்.
எட்டுக் கடி கடித்தாலும் உயிர் போகாது.
மூன்றே வெட்டில் சாய வேண்டும்,
அதுவும் கொஞ்சம் கௌரவமாக.
"ஜெயிச்ச மாதிரி இருக்கணும்,
கொன்ன மாதிரி இருக்கக் கூடாது" என்பாள் சிர்க்கு.
அவள் எங்கள் மேலாளர்.

வாசலில் ஒரு காவலன்,
தலைக்குமேல் மஞ்சள் ஆச்சரியக்குறி.
"உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்பான்
ஒரே நொடியில் நாற்பது பேரிடம்,
நாற்பது பேரிடமும் மனதார.
குரல் கொடுத்தவர் எங்கள் கணக்காளர் தாவெத்தி.
அன்றைக்கு அவருக்குக் கடும் சளி.
பதினோரு நாட்டுக்காரர்களை வரவேற்கிறது
அந்த அடைத்த மூக்கு.

திங்கள்தோறும் வரைபடம் வரும்.
யார் யார் எங்கே விட்டுப் போனார்கள்,
ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.
காவலனருகே சில.
ஓநாயருகே, என் மானம் காத்து, ஒன்றிரண்டு.
ஓடைமேல் கிடக்கும் மரப்பாலத்திலோ
அம்மை வார்த்ததுபோல் சிவப்பு.

பாலத்தில் எதுவுமே இல்லை.
எதிரி இல்லை, புதையல் இல்லை.
அக்கரையில் ரொட்டிக்காரி கையாட்டுவது
இக்கரையிலிருந்தே தெரியும்.
"எடுத்துடலாம்" என்றான் யல்மாரி,
"ஓடையையும் சேர்த்து."

எடுக்குமுன் ஒருதரம் பார்த்துவிடுவோமென்று
இரவில், வீட்டிலிருந்து,
புது ஆளாய் உள்ளே போனேன்.
கேட்ட பெயரையெல்லாம் யாரோ வைத்திருந்தார்கள்.
கடைசியில் வெங்காயம்77 ஆனேன்.
எனக்காகத்தான் காத்திருந்ததாக
மூக்கடைத்துச் சொன்னார் தாவெத்தி.
நம்பத்தான் தோன்றியது.
என் ஓநாயை நானே கொன்றேன்,
பாவமாகத்தான் இருந்தது.

பாலத்தில் நால்வர்.
மாற்றாத முகங்கள், வெறுங்கால்கள்.
ஒருவர் கையில் வாளைக்கூடத் தலைகீழாய்ப் பிடித்திருந்தார்.
கடந்துபோகக் காலெடுத்தேன்.
ஒரு வரி வந்தது:
"ஓடாதே. மீன் இருக்கு."

மீனா?
நாங்கள் மீன் வைக்கவில்லையே.

நின்றேன்.
ஓடை ஓர் இலையைக் கொண்டுவந்தது, கொண்டுபோனது.
மறுபடி அதே இலை.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தாறு,
ஒரு கார் கிளம்ப மாட்டேனென்று இருமியது.
ஒன்பதாம் நிமிடம்
நீர் கிழிந்தது.
வெள்ளியாய் ஒரு வளைவு,
அவ்வளவுதான், மூடிக்கொண்டது.
நால்வரும் குனிந்து வணங்கினார்கள்.
எந்த விசையென்று தெரியாமல்
நான் குதித்தேன்.

இன்னொரு தரம் பார்க்கலாமென்று காத்திருந்தோம்.
இன்னொரு தரம்.
இருபதாவது நிமிடம் திரை கறுத்தது:
நீண்ட நேரம் அசையவில்லை,
வெளியேற்றப்பட்டீர்கள்.

அப்போதுதான் உறைத்தது.
அந்தச் சிவப்பெல்லாம் போனவர்களின் புள்ளியல்ல.
நாங்கள் பிடித்துத் தள்ளியது.
தள்ளிவிட்டு
'விட்டுப் போனார்' என்று எழுதிக்கொண்டோம்.

மறுநாள் மீனைப் பற்றி எல்லோரையும் கேட்டேன்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
தாவெத்தி மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு
ரசீதுகளுக்குள் முகத்தைப் புதைத்தார்.

இருபது என்றிருந்த எண்ணை
அழித்து முந்நூறு என்று எழுதினேன்.

அடுத்த திங்கள் பாலம் வெள்ளையாய்க் கிடந்தது.
"என்ன மாத்தினே?" என்றாள் சிர்க்கு.
"ஓநாயை" என்றேன்.