கோப்பையில் பெயர்

தாலின் துறைமுகக் காப்பிக்கடையில்
ஏழு குளிர்காலமாக நான் ஆனு.
நாக்கு இடறாத பெயர்.
என்னுடையதல்ல.

இன்று அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.
பூட்ஸில் பனி உருகிச் சொட்ட
பின்னால் ஒன்பது பேர்.
"பெயர்?"

க...
க... க...
கதவடியில் சிக்கிய கம்பளம் மாதிரி
அந்த ஒரே எழுத்து.
மன்னிப்புக் கேட்க வாய் தயாரானது;
விடவில்லை.
அவள் பேனா காற்றிலேயே நின்றது,
எனக்காக எதையும் எழுதி முடிக்காமல்.

கைரித், என்றேன்.
காது சுட்டது. யாரோ இருமினார்கள்.
அவ்வளவுதான்.
கூரை இருந்த இடத்தில் இருந்தது.

கோப்பையை வாங்கிப் பார்த்தேன்:
கைரின்.

படகுக்கு மணி அடித்துவிட்டது.
வரிசையை விலக்கிக்கொண்டு
திரும்பிப் போனேன்,
அந்தக் ககரத்தை
மறுபடி முதலிலிருந்து தொடங்க.