சோதனைச் சாவடி

களியக்காவிளைச் சாவடியில்
அரிசி மூட்டைக்குள் கம்பி குத்திப் பார்ப்பார்கள்.
மீன் வண்டியைத் திறக்கச் சொல்வார்கள்.
கோழி லாரிக்காரனிடம் சீட்டு கேட்பார்கள்.
என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை.
கையில் ரப்பர்ப்பால் நாற்றம்,
சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்.
எந்தச் சோதனைக்குள் போகிறாய் என்று கேட்க
அங்கே ஆள் போடவில்லை.

இந்தப் பக்கம் விற்கக்கூடாது.
அந்தப் பக்கம், கொடியில் காயும் குழந்தைத் துணிபோல
கிளிப்பு மாட்டித் தொங்கும் சீட்டுகள்.
நான் வாய் திறக்குமுன்பே ஓமனா சேச்சி
ஏழில் முடிவது ஒன்றை உருவி நீட்டுவாள்.
ஏழு என் எண். ஏன் என்பது மறந்துபோயிற்று.
மகள் பிறந்த தேதி என்றுதான் நினைத்திருந்தேன்;
அவள் பிறந்தது ஒன்பதாம் தேதி.

குடிப்பதில்லை நான். பீடியும் கிடையாது.
திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியை
மடித்து வைப்பது என் பொறுப்பு.
கர்த்தரிடம் கணக்கும் பேசியிருக்கிறேன்:
விழுந்தால் பத்தில் ஒன்று உமக்கு.
பதில் வராததால்
பத்தில் இரண்டு என்றேன். பிறகு மூன்று.
எதிராளி இல்லாத ஏலத்தில்
விலையை ஏற்றிக்கொண்டே போனவன்
நான் ஒருவன்தான்.

எழுநூறு முறை விழாமல் போனதல்ல,
ஒருமுறை விழுந்ததுதான் கெடுத்தது.
ஐயாயிரம். புஷ்பலீலாவுக்கு
மாம்பழ நிறத்தில் சேலை எடுத்தேன்.
ஷீட் விலை ஏறிவிட்டது என்றேன்.
அந்த வாரம் இறங்கியிருந்ததை
அவள் பேப்பரில் படித்திருந்தாள்.
சேலை இன்னும் மடிப்புக் கலையவில்லை.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி
ஆண்டவருக்கென்று டப்பாவில் போடுவாள்.
மாதக் கடைசியில் விற்றுக் காணிக்கை.
அந்தக் காசிலும் ஒருநாள் கை வைத்தேன்.

மரத்துக்கும் இதே பாடு.
நேற்றைய கீறல் ஆறுமுன்
அதன் ஓரத்திலேயே இன்று கீறுகிறேன்.
ஆறவிட்டால் பால் நின்றுபோகும்.
எனக்குள்ளும் விடியுமுன் ஒருவன்
நெற்றியில் விளக்குக் கட்டி வந்து
மரம் பட்டுப்போகாத அளவுக்கு
நிதானமாய்க் கீறிவிட்டுப் போகிறான்.
சிரட்டை அவனுடையது.

பெரிய வெள்ளிக்குக் குலுக்கல் இல்லை.
"நாளெ பள்ளியில் போய் இரி" என்று
முந்தின நாளே சொல்லிவிட்டாள் ஓமனா.
பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தோம்.
சிலுவையடியில் படைவீரர்
தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டதை
உபதேசியார் வாசித்தார்.
சீட்டு.
ஐம்பது வருடமாய்க் காதில் விழுந்த சொல்.
தலைக்குமேல் ஒருவர் மூச்சுக்கு அல்லாட
அவர்கள் நிமிரவேயில்லை.
குனிந்திருந்த நால்வரில் ஒருவன் விரலில்
ரப்பர்ப்பால் உலர்ந்து ஒட்டியிருந்தது.

மூன்றுக்கு மணி அடித்தது.
தினமும் எண் வருகிற நேரம்.
இன்று குலுக்கல் இல்லை, தெரியும்.
சீட்டே வாங்கவில்லை, அதுவும் தெரியும்.
என் கை சட்டைப்பைக்குள் போயிற்று.
வெறும் பையில் விரல்கள் தேடின,
கண் திறவாத குட்டி
செத்த தாயின் மடியைத் துழாவுவதுபோல.

அழுதேன்.
பாவத்துக்காக என்றால் பொய்.
அந்தக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆராதனை முடிந்து கஞ்சியும் பயறும்.
பிலாவிலையைக் கோட்டிக்கொண்டிருந்த
புஷ்பலீலாவிடம் சொன்னேன்:
அரிசிக் காசை எடுத்தது நான்.
"தெரியும்" என்றாள்.
"அன்னையிலேருந்து ரெண்டு பிடி போடுதேன்."

நாளைக்குக் குலுக்கல் உண்டு.
சாவடியில் என்னை யாரும் நிறுத்தமாட்டார்கள்.
நிறுத்தும் என்று மட்டும் கேட்டேன் ஆண்டவரிடம்.
பத்தில் எத்தனை என்று
இந்தத் தடவை சொல்லவில்லை.