ஓடுதா?

எங்கள் செயலிக்கு
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
ஓடி முடிக்க நாற்பத்தோரு நிமிடம்.
ஒரு கமாவை மாற்றினாலும் நாற்பத்தோரு நிமிடம்.

திருவொற்றியூர், மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் டீசலும் உப்பும்.
கீழே துறைமுகத்தைப் பார்த்தபடி
கன்டெய்னர் லாரிகள், நேற்று நின்ற இடத்திலேயே.
அவற்றுக்கு முறைச்சீட்டு தரும் செயலியைத்தான்
எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சோதனையைத் தட்டிவிட்டு
அபுதாகிர் பாய் கடைக்கு இறங்கிவிடுவேன்.
லாரிக்கடியில் தூளி கட்டிப் படுத்திருப்பார் மாடக்கண்ணு,
தூத்துக்குடிக்காரர்.
"என்ன தாயி, ஓடுதா?"
"ஓடுதுண்ணே. உங்களுது?"
தூளி குலுங்கச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை ஜெமிமா சொன்னாள்:
முதல்ல அளந்து பாரு, அப்புறம் திட்டு.

அளந்தோம்.
ஒவ்வொரு சோதனையும்
புதிதாய் ஓர் ஓட்டுநரைப் பிறப்பித்து
அவருக்கொரு கடவுச்சொல் வைத்து
திருடனுக்குப் பயந்து
அதை மாவாய் அரைத்து அரைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது.
இல்லாத ஓட்டுநர். இல்லாத திருடன்.
இங்கே ஒரு சுற்று அரைத்தால் போதும் என்றோம்.
போயே போச்சு பதினெட்டு நிமிடம்.

இன்னொரு மூலையில்
'மூன்று விநாடி பொறு' என்று ஒரு வரி,
நூற்று நாற்பது இடத்தில் நகலெடுத்து ஒட்டியது.
எவன் எழுதியது என்று தோண்டினால்
என் பெயர். இரண்டு வருடம் முந்தைய தேதி.
ஜெமிமா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மிச்சத்தை நான்காய்ப் பிரித்து ஒன்றாய் ஓடவிட்டோம்.
நாலும் ஒரே தரவுத்தளத்தில் கைவைக்க,
தண்ணி லாரிக் குழாயடி மாதிரி
குடத்தோடு குடம் இடித்துச் சிவப்பாய்க் கொட்டியது.
ஆளுக்கொரு தளம் கொடுத்ததும் அடங்கியது.

ஐந்து நிமிடம் இருபது விநாடி.

ஆயிரத்துச் சொச்சம் பொய் லாரிகள்
பொய்ச் சீட்டோடு, பொய்ப் பெட்டியோடு
துறைமுகத்துக்குள் நுழைந்து
சுவடில்லாமல் அழிந்தன.
ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் பாய் கடை டீ ஆறாது.
ஆனாலும் இறங்கினேன்.
மாடக்கண்ணு தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
முன்னால் வண்டி நகர்ந்திருக்கிறதாம்.
"ஓடுதா தாயி?"
"முடிஞ்சிடுச்சுண்ணே."
"அதுக்குள்ளயா!"
ஏறி உட்கார்ந்து
ஒரு லாரி நீளம் உருட்டினார்.
இன்ஜினை அணைத்தார்.
தூளியோடு இறங்கினார்.