கடைசி எடை: இரண்டு பத்து

புளியரை எடைமேடை.
மேசைக்கு அடியில் சர்வர்,
ஒழுகலுக்கு பயந்து மேலே ஓர் உரச்சாக்கு.
லாரி ஏறினால் எடையைப் படித்து
டேட்டாபேஸில் எழுதும் ஒரு புரோகிராம்.
அடிக்கடி செத்துப்போகும், சொல்லாமல்.

அதனால் டேட்டாபேஸுக்குள்ளேயே
ஒரு காவலை எழுதி வைத்தேன்:
நிமிடத்துக்கொரு முறை வெளியே எட்டிப் பார்,
ஓடுகிறவர்களின் பட்டியலை வாங்கு,
அதன் பெயரைக் கூப்பிடு.

இன்றிரவு ஒவ்வொரு நிமிடமும்
உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா.
ஆனால் கடைசி எடை இரண்டு பத்து.
மணி மூன்றாகப் போகிறது.

லாரியே வரவில்லையா,
வந்தும் எழுதவில்லையா?
இல்லாத வரியிடம்
ஏன் இல்லை என்று கேட்க
எனக்கு ஒரு கட்டளையும் தெரியாது.

டார்ச்சோடு சாரலில் இறங்கினேன்.
மேடைமேல் வைக்கோல் லாரி,
முகம் ஆரியங்காவைப் பார்த்து.
இன்ஜின் ஓடுகிறது, வைப்பர் ஆடுகிறது.
ஸ்டியரிங்கில் கன்னம் சாய்த்து
சாக்கோச்சன் குறட்டை.

கண்ணாடியைத் தட்டினேன்.
"எழுதிக் கழிஞ்ஞோ?"

நாளை அந்தக் காவலைத் திருத்த வேண்டும்:
இருக்கிறாயா என்று கேட்காதே,
கடைசியாக எப்போது எழுதினாய் என்று கேள்.

அது நாளைக்கு.
இப்போது நனைய நனைய
கூடிக்கொண்டிருக்கிறது
வைக்கோலின் எடை.