சின்னது

மூலக்கடை யார்டில் யாக்கூப்
கோணி விரித்து இரண்டு டர்போ வைத்தான்,
நண்டை மல்லாத்திக் காட்டுகிற மாதிரி.

"பெருசு ஜப்பான் சரக்குக்கா.
முன்னூறு குதிர தூங்குது உள்ள."

விரல் விட்டு ஷாஃப்டை ஆட்டினேன்.
பக்கவாட்டில் மயிரிழை அசைவு; அது இருக்கலாம்.
முன்னும் பின்னும் டக்கென்றது; அது ஆகாது.
மோந்தேன். கருகின எண்ணெய்.
டீசல் வண்டியில் கழற்றியதா?
பெட்ரோல் புகையின் சூடு வேறயாச்சே.
யாக்கூப் டீ சொல்லப் போய்விட்டான்.

தூங்கட்டும் அந்தக் குதிரைகள்.
எழுப்பி எங்கே ஓட்டுவது?
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னருக்கும் கன்டெய்னருக்கும் நடுவில்
என் பழைய எஸ்டீமுக்குக் கிடைப்பது இருநூறு அடி.
அதற்குள் மூச்சு இழுத்து
அதற்குள் விட்டுவிட வேண்டும்.

சின்னதன் சக்கரத்தை ஊதிப் பார்த்தேன்.
என் மூச்சுக்கே சுற்றியது,
நிற்க மனசில்லாமல் நின்றது.
பேரம் பேசினேன், ஆனால் ரொம்ப இல்லை.

இப்போதெல்லாம் ராத்திரி
காசிமேட்டுச் சந்தில் வண்டியை நிறுத்தியதும்
உடனே அணைப்பதில்லை.
ஒரு நிமிஷம் எண்ணெய் ஓடி ஆற வேண்டும்.
குடத்தோடு நின்ற டெல்பின் குனிந்து கேட்டாள்:
"இன்னா, வீட்டுக்குள்ள போக மனசு இல்லியா?"
டர்போவுக்காக என்றேன்.
பாதி நிஜம்.