எட்டுப் பென்னி

நீலமலை என்றுதான் அதற்கும் பெயர்.
ஜமைக்காவில், கிங்ஸ்டனுக்கு மேலே,
கோவேறு கழுதை அரைநாள் மூச்சிரைத்தால்
வந்து சேரும் உயரம்.

கீழே, சமவெளி முகாமில், மஞ்சள் காய்ச்சல்.
திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டபோது
உள்ளேன் என்றவன்
வியாழக்கிழமை கறுப்பாக வாந்தியெடுத்தான்.
சனிக்கிழமை அவன் பூட்ஸை
வேறொருவன் போட்டுப் பார்த்தான்.
சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று
என்றார்கள் டாக்டர்கள்.
ஜன்னலைச் சாத்தினார்கள்.
ஜன்னலுக்கு உள்பக்கம், தண்ணீர்த் தொட்டியோரம்,
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது கொசு.
வருகைப் பதிவில் அதற்குப் பெயரில்லை.

பட்டாளத்தை மலைக்கு ஏற்றுங்கள்
என்று கப்பலில் ஒரு கடிதம் வந்தது.
மலையில் ஒரு காப்பித் தோட்டம், நொடித்துப்போனது.
அடிமைகளை விடுவித்து மூன்றாம் வருஷம்;
கூலி கொடுத்துப் பழக்கமில்லாத துரை
வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.
காப்பிக்கொட்டை காயவைத்த கல்தளத்தைக்
கழுவிவிட்டு
அணிவகுப்பு மைதானம் என்றார்கள்.

ஃபிபாவுக்கு அந்தத் தளம் தெரியும்.
எந்தக் கல் நண்பகலில் காலைச் சுடும்,
எந்த மூலையில் மழை தேங்கும்,
எங்கே நின்றால் கங்காணியின் சவுக்கு எட்டாது.
வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு ஃபிபா என்று
பெயரிடுவது
கடல்கடந்து வந்த அவள் தாய் கொண்டுவந்த வழக்கம்,
தாய் கொண்டுவந்த ஒரே சாமான்.
தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில்
அவள் பெயருக்கு நேரே ஒரு தொகை இருந்தது.
கழுதைகளும் அதே பக்கத்தில்தான்.

இப்போது சிப்பாய்களுக்குத் துணி வெளுக்கிறாள்.

கோர்மக் டூலின் என்று ஒருவன்,
அயர்லாந்தில் செருப்புத் தைப்பவரின் மகன்,
காய்ச்சலை ரத்தத்திலேயே சுமந்துகொண்டு மேலே வந்தான்.
பனியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்,
ஊர் வந்துவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம்.
மூன்றாம் நாள் செத்தான்.
பக்கத்துக் கட்டிலில் யாருக்கும் தொற்றவில்லை.
மலைக்காற்றின் மகிமை என்று
டாக்டர் இரண்டு பக்கம் எழுதினார்.

அவன் சட்டை நான்கு, கோட்டு ஒன்று,
படுக்கை விரிப்பு.
கறுப்புக் கறை. எலுமிச்சை தேய்த்து,
ஆற்றுக்கல்லில் அடித்து,
மறுபடி எலுமிச்சை, மறுபடி கல்.
எட்டுப் பென்னி.

"செத்தவன் கணக்கை மூடியாச்சு"
என்றான் சார்ஜெண்ட், தலை நிமிராமல்.
"செத்தது நானில்லையே" என்றாள் ஃபிபா.
அவன் புத்தகத்தை மூடினான்.
அது அவளுக்குப் பழகிய சத்தம்.
ஆனால் அதற்குப் பிறகும் அங்கேயே நிற்க முடிந்தது
அவளுக்கே புதிது.

அன்று சாயங்காலம்
மைதானத்தின் நட்டநடுவில்,
கொடிமரத்துக்கும் பீரங்கிக்கும் இடையே கயிறு கட்டி,
ஒரே ஒரு சட்டையைக் காயப்போட்டாள்.
சிவப்புக் கோட்டை அல்ல, உள்சட்டையை.
கயிற்றடியில் உட்கார்ந்துகொண்டாள்.

இரவில் மூடுபனி ஏறிற்று.
முதலில் மார்பு புடைத்தது,
பிறகு ஒரு கை நிறைந்தது,
தலையில்லாமல் ஆடி நின்றது சட்டை.

யார் அங்கே? என்று கத்தினான் காவலாளி.
பொடியன். போன வாரம்தான் இறங்கியவன்.

சட்டை வலது கையைத் தூக்கிற்று.

யார் அங்கே!

பனிக்குள்ளிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல்:
"எட்டுப் பென்னி."

சுட்டுவிட்டான்.

மலை அந்த வெடியை மூன்று முறை சொல்லிப் பார்த்தது.
விளக்குகள் ஓடிவந்தன. கீழே, கழுதைகள் கனைத்தன.
விசாரணை நடந்தது; குறிப்பேட்டில் ஏறியது
குண்டு ஒன்று, செலவு, மூடுபனி காரணமாக.

விடிந்ததும்
சார்ஜெண்டின் ஜன்னலுக்கு வெளியே ஃபிபா.
கையில் சட்டை,
தோளுக்குக் கீழே வட்டமாய் ஒரு பொத்தல்,
அதைச் சுற்றி நெருக்கமான தையல்.

"ஒன்பது" என்றாள்.