பத்தாவது எழுத்து

ரெண்டு வண்டி பார்த்து வைத்திருந்தேன்.
பெரம்பூர் லோகோ பக்கம் டெரன்ஸ் வீட்டில் ஒன்று,
மணலியில் லோகுவின் ஷெட்டில் ஒன்று.
நாலு சக்கரம், ஒரே சீட்டு.
பின்னால் யாரும் ஏற முடியாது
என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

டெரன்ஸுடையது ரெண்டாயிரத்து எட்டு மாடல்.
கார்புரேட்டர். காலையில் சோக் இழுக்க வேண்டும்.
கம்பெனி சைலன்சர், கம்பெனி ஷாக்,
பூனை கிழித்த சீட்டில் மட்டும் கறுப்பு டேப்.
"ஒரு நட்டு மாத்தல ஜெபா,
சர்ச்சுக்குப் போற பையன் மாதிரி வெச்சிருக்கேன்."
ஆயில் மட்டும்
சர்ச்சுக்குப் போகாத நிறத்தில் இருந்தது.

லோகுவுடையது பதிமூன்று என்றான்.
இன்ஜெக்ஷன். தொட்டால் ஸ்டார்ட்.
முன்பக்கம் ரெண்டு அங்குலம் அகலப்படுத்தியது,
தங்க நிற ஷாக்,
வளைவில் நீலம் பூத்த சைலன்சர்.
"அறுபதாயிரத்துக்கு சாமானே ஏத்திக்கீறேன்க்கா,
அதுக்கு நான் துட்டே கேக்கல."
கேட்காத துட்டு விலைக்குள் இருந்தது.

நைட் ஷிஃப்டில் டேலி ஷீட்டைத் திருப்பிப் போட்டு
நடுவில் கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பதிமூன்று.
ஐந்து வருஷத்துக்கு நாற்பத்தைந்தாயிரம்,
வருஷத்துக்கு ஒன்பது.
என் இன்கிரிமெண்ட் அவ்வளவு வராது.
ஷாக்கை ஏன் மாற்றினான்?
ஆசையா, உடைந்ததா?
அகலம் நல்லது, திருப்பத்தில் கவிழாது.
ஒரு தடவை கவிழ்ந்தவன்தான் அதை வாங்குவான்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
"நாப்பத்திரண்டு வயசுல இன்னாத்துக்கு மேடம்?
நீங்களே ஓல்டு மாடல்."
நான் வண்டி இல்லை என்றேன்.
டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினாறு வருஷமாக என் வேலை
கன்டெய்னர் நம்பர் படிப்பது.
நாலு எழுத்து, ஆறு இலக்கம்,
கட்டத்துக்குள் தனியாக ஒன்று.
முன்னால் உள்ள பத்தையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால்
அந்தக் கடைசி ஒன்று வந்தாக வேண்டும்.
வரவில்லையென்றால் எவனோ தப்பாக எழுதியிருக்கிறான்,
இல்லை, தெரிந்தே எழுதியிருக்கிறான்.
பெயிண்டை நான் பார்ப்பதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மணலி.
மண்ணெண்ணெய் நனைத்த துணி, ஒரு டார்ச்.
ஃப்ரேமில், சேறு அப்பிய இடத்தில்,
பதினேழு எழுத்து.
பத்தாவதுதான் வருஷம்.
பதிமூன்று என்றால் 'டி' இருக்க வேண்டும்.
ஒன்பது இருந்தது.

லோகு ஃபெண்டரைப் பார்த்தான்.
ஃபெண்டர் என்னவோ பதிமூன்றுதான்.
"ஒம்போதுக்கும் பதிமூணுக்கும் இன்னாக்கா,
ஸ்டிக்கர்தான வேற?"
"அப்ப ஸ்டிக்கருக்கு மட்டும் துட்டு வாங்கிக்க."
குனிந்து பின் ஆக்ஸிலைப் பிடித்து ஆட்டினேன்.
அடியில் ஒரு வெல்டிங். சுத்தமான வேலை,
ஹார்பர் வொர்க் ஷாப் கை.
முப்பத்தாறு குறைத்தான்.

டெரன்ஸ் வண்டி நல்ல வண்டிதான்.
ஆனால் அதன் பொய் எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
இதனுடையது தெரியும்.

ரோட்டில் ஓட்டக் கூடாது, நம்பர் பிளேட் கிடையாது.
மீஞ்சூர் தாண்டி தம்பி வாங்கிப்போட்ட,
ஒன்றும் முளைக்காத மணலில்தான் ஓட்ட வேண்டும்.
அதுவரை வீட்டு வாசலில் நிற்கட்டும் என்று
ஏசுபாதத்தின் குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டினோம்.
முன்னால் அவர் மகளும் டியூஷன் பையும்.
எனக்கு இடமில்லை.
பின்னால் ஏறி வண்டி மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் ஒன்று நகர ஆரம்பித்தது, எல்லாம் பெட்டி.
படிக்காமல் இருக்க முடியவில்லை.
பதினெட்டாவதில் கட்டத்துக்குள் இருந்த இலக்கத்தை
உப்புக்காற்று தின்றிருந்தது.

அணைந்த இன்ஜின் மேல்
கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்த்தேன்.
கேபிள் போய் வந்தது.
பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு பையன்
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
"செம வண்டிக்கா. எந்த வருஷம்?"

ஃபெண்டரைப் பார்த்தேன்.
"பதிமூணு" என்றேன்.